எந்தக் கன்னத்தில் மச்சம்

மச்சம் எந்தக் கன்னத்தில் என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

"இடது கன்னம். மிளகு அளவுக்கு இருக்கும். எனக்குத் தெரியாதா?" என்றார் மாமியார்.

"அம்மா, அது வலது பக்கம். கன்னத்துலகூட இல்ல, தாடையில" என்றாள் நாத்தனார்.

இருவரும் கணவனைப் பார்த்தார்கள். செத்துப்போனவளோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் அவன். அவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவன் கட்டைவிரல் நகத்தைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தான்.

"மச்சமா? அவளுக்கு மச்சம் இருந்துச்சா?"

நாற்காலி நுனியில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த படக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். இறந்தவர்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார். தெருவில் எதிரே வருகிறவர்கள், "என்னை அப்படி உத்துப் பாக்காதீங்கய்யா, எனக்கு இன்னும் நாள் இருக்கு" என்று கேலி செய்வார்கள். இந்த வீட்டு மாமனார் போனபோது அவரையும் இவர்தான் வரைந்தார். மீசையை ஒரு சுற்றுக் கூட்டிப் போட்டதற்கு வீடே அவரைக் கொண்டாடியது. ஆனால் சாட்சி விசாரித்து ஒரு முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமை அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"எதுக்கு இந்த வம்பு? ஒரே ஒரு ஃபோட்டோ குடுங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். கல்யாண ஆல்பம் பரணில் இருந்திருக்கிறது. மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி கசிந்து, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்துப் பார்த்ததில் அவள் முகம் இருந்த இடத்தில் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சியது. அடையாள அட்டையை இறப்புப் பதிவின்போது அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்கள். கையில் இருந்த நகலில் அவள் முகம் ஒரு கறுப்புப் பொட்டு. பிறந்த வீட்டில் அப்பா அம்மா இல்லை. ஒரு அண்ணன் உண்டு.

"அவர்கிட்ட இருக்குமே" என்றார் படக்காரர்.

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கே பேச்சு தடிச்சுப்போச்சு. இனிமே இந்தப் படி ஏறக் கூடாதுன்னு சொன்னதே நாங்கதான். அவளும் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேக்கறது? அவன் எங்க இருக்கான்னும் தெரியாது."

கணவன் தன் கைப்பேசியை நீட்டினான். "இதுல ஏகப்பட்டது இருக்குங்க. நீங்களே பாருங்க."

இருந்தது, ஆயிரத்துக்கு மேல். பிறந்தநாள், புதுக் கடை திறப்பு, கடற்கரை, குழந்தை முதல் அடி வைத்தது. எல்லாரும் எல்லாவற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. படக்காரர் விரலால் தள்ளிக்கொண்டே போனார். அவருக்கு விஷயம் புரிய அரை மணி ஆயிற்று.

"எல்லாத்தையும் எடுத்தது யாரு?"

"அவதான்" என்றான் கணவன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "அவளுக்குக் கை ஆடாது. நல்லா எடுப்பா."

கடற்கரைப் படத்தில், சிரிக்கிற குடும்பத்தின் காலடியில், மணல்மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. இரண்டு முழங்கைகளையும் தூக்கி எதையோ முகத்தருகே பிடித்திருந்த நிழல். வேறு சில படங்களில், பின்னால் அடுப்படிக் கதவு திறந்திருந்த இடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் யாரோ நிற்பது ஓரமாகத் தெரிந்தது. அந்தப் படங்களை எடுத்தது குழந்தையாகவோ நாத்தனாராகவோ இருக்க வேண்டும். கோணலாக இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று அவற்றையும் தனக்கு அனுப்பச் சொன்னார்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாமியாரே வாசல்வரை வந்து, மகன் காதில் விழாதபடி சொன்னார்.

"அடுத்த மாசம் இவனுக்குக் கல்யாணம். அதுக்கு முன்னால அவ படத்தைப் பிரார்த்தனை அறையில மாட்டி, எல்லாரும் நின்னு கும்பிட்டு, உத்தரவு வாங்கிடணும். விடியக்காலையில அடுப்படியில பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குது. போய்ப் பாத்தா ஒண்ணுமில்ல. குழாய் மட்டும் சொட்டிக்கிட்டிருக்கு. அவ இன்னும் போகல. ஒரு முகத்தைக் குடுத்து உக்கார வச்சுட்டா அடங்கிடுவா."

படக்காரர் தலையை ஆட்டினார். இப்படிப்பட்ட பேச்சு அவருக்குப் புதிதில்லை. செத்தவர்களைச் சுவரில் மாட்டுவதில் பாசம் பாதி, பயம் பாதி. எது எவ்வளவு என்று அவர் தோண்டுவதில்லை.

செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சட்டையை யாரோ இழுத்தார்கள். செத்தவளின் மகள். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

"நீங்கதான் எங்கம்மாவை வரையப் போறீங்களா?"

"ஆமாம்மா."

"முன்னாடி கண்ணை மூடினா வருவாங்க. இப்ப வர்றதில்ல." அவள் அதைப் பல் விழுந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "நீங்க வரைஞ்சு குடுத்தா நான் அதைப் பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணிக்குவேன். சரியா வரைவீங்களா?"

"சரியா வரைவேன்" என்றார் அவர். சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்புகளைப் பரப்பினார். மாமியார் வட்ட முகம் என்றார், நாத்தனார் நீள முகம் என்றாள். கணவன் சொன்னது ஒரே வரி: "சாதாரணமா இருப்பா." இதை வைத்துக்கொண்டு ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட வரைய முடியாது. படக்காரருக்கு அந்தக் கணவன்மேல் ஆத்திரம் வந்தது. எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளின் முகம் ஒருவனுக்கு மறக்குமா? இவனெல்லாம் ஒரு மனிதனா?

ஆத்திரத்தில், அது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காக, ஒரு தாளை எடுத்துத் தன் மனைவியை வரைய ஆரம்பித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன் என்று நினைத்தார். நெற்றியைப் போட்டார். புருவம் வந்தபோது கை நின்றது. வளைவாக இருக்குமா, நேராகவா? நேராகவே போட்டார். மூக்கு, வாய், தாடை. முடித்துப் பார்த்தால் தாளில் இருந்தது அவர் யாருக்கு வேண்டுமானாலும் வரைந்து கொடுக்கிற அந்த நல்ல முகம். எந்த வீட்டுச் சுவருக்கும் பொருந்துகிற முகம்.

மனைவி அடுத்த அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு முதுகுதான் தெரிந்தது. அவள் தைத்துக் கொடுக்கிற துணியில் பாதிக் குடும்பம் ஓடுகிறது. மிஷின் சத்தம் ஓய்ந்து அவர் கேட்டதே இல்லை. எழுந்து போய்ப் பின்னால் நின்றார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு."

"எதுக்கு? நூல் அறுந்துடும்."

"திரும்பேன்."

அவள் திரும்பினாள். இடது புருவத்தின் நடுவே, முடி முளைக்காத ஒரு கோடு இருந்தது.

"இது எப்ப பட்டுச்சு?" என்றார்.

அவள் தொட்டுப் பார்த்துவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தாள். "சின்ன வயசுல ஊஞ்சல் பலகை இடிச்சது. கல்யாணத்தன்னிக்கே இருந்துச்சு. என்னங்க ஆச்சு உங்களுக்கு? யாரு செத்துட்டாங்க?"

"ஒருத்தரும் இல்ல" என்று அவர் திரும்பி வந்துவிட்டார். அன்று அவரால் ஒரு கோடுகூடப் போட முடியவில்லை. உட்கார்ந்திருந்த அறையில் தனக்குப் பக்கத்தில் யாரோ சுவரைப் பார்த்து நிற்பதுபோலவே இருந்தது. இரண்டு முறை தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆனாலும் தொழில் பழக்கம் யாரை விட்டது? நாலு நாளில் அந்த நல்ல முகத்தையே துணியில் ஏற்றினார். மச்சத்துக்கு இடது கன்னம், தாடைக்கு நாத்தனார் சொன்ன நீளம். உதட்டில் லேசாகச் சிரிப்பு. கண்ணில் ஒரு சொட்டு வெளிச்சம் வைத்தார். அந்தச் சொட்டு வைத்தால் எந்தப் பொம்மைக்கும் உயிர் வந்துவிடும். வார்னிஷ் பூசாமலே, ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று எடுத்துப்போனார்.

மாமியார் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அச்சு அசல் அவதான்!"

"அண்ணி உயிரோட வந்து நிக்கற மாதிரி இருக்கு" என்றாள் நாத்தனார். மச்சத்தைப் பற்றி அவள் பேசவே இல்லை.

கணவன் தள்ளி நின்று பார்த்தான். "ஆமா, ஆமா. இப்படித்தான் இருப்பா" என்றான். அவன் பேச்சில் நிம்மதி தெரிந்தது. பாக்கி இருந்த ஒரு வேலை முடிந்த நிம்மதி.

சிறுமி கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் வந்தாள். படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இது யாரு?"

"உங்கம்மாடி. கும்பிட்டுக்கோ" என்றார் மாமியார்.

சிறுமி பாட்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், படக்காரரையும் பார்த்தாள். பெரியவர்கள் நாலு பேரும் தலையாட்டினார்கள். நாலு பேர் சொன்ன பிறகு ஆறு வயதுக்காரி என்ன செய்வாள்? படத்தின் அருகே போய், மூக்கு துணியில் படுகிற மாதிரி நின்று உற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடினாள். உதடு அசைந்தது. திறந்து இன்னொரு முறை பார்த்தாள். மறுபடி மூடினாள். பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி, இல்லாத ஒருத்தியைத் தன் அம்மாவாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

படக்காரர் முப்பது வருஷத்தில் எத்தனையோ மூக்கை நிமிர்த்தியிருக்கிறார், எத்தனையோ வழுக்கையை மறைத்திருக்கிறார். அதெல்லாம் பாவம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இது அப்படி இல்லை. இந்தப் பிள்ளை அறுபது வயதுவரைக்கும் இந்த முகத்தைத்தான் அம்மா என்று கூப்பிடும். உண்மையான முகம் அவள் மனதில் எங்காவது ஒரு மூலையில் மிச்சம் இருந்தால், அதையும் இது அழித்துவிடும்.

"வார்னிஷ் பூசல. பூசிட்டுக் கொண்டாரேன்" என்று படத்தை இழுத்துத் துணியில் சுற்றினார். சிறுமி, "நான் இன்னும் மனப்பாடம் பண்ணி முடிக்கல" என்று பின்னாலேயே வந்தாள்.

வாசலில் நாத்தனார் வழியனுப்ப வந்தாள். அவர் சட்டென்று கேட்டுவிட்டார். "உங்க அண்ணிக்கு என்ன ஆச்சும்மா?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "மூணு நாளா காய்ச்சலாம். எங்களுக்குத் தெரியாது. வேலை எதுவும் நிக்கல. சமையல் ஆச்சு, பாத்திரம் கழுவியாச்சு, துணி காஞ்சுது. நாலாம் நாள் காலையில தொட்டி முன்னாலயே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் எங்களைத் திட்டினார். கண்ணு ரெண்டும் மஞ்சளா கிடக்கு, மூஞ்சி வீங்கியிருக்கு, மூணு நாளா வீட்டுல ஒருத்தர்கூடவா இந்தப் பொம்பளை மூஞ்சியைப் பாக்கலன்னு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "தட்டு நேரத்துக்கு வந்துச்சுங்க. நாங்க தட்டைத்தான் பாத்தோம்."

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, அந்த நல்ல முகத்தின்மேல் பட்டையாக வெள்ளை வண்ணத்தை இழுத்தது. பிறகு கைப்பேசியில் வந்திருந்த அந்தக் கோணல் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினார். ஒன்றில் கொண்டை தெரிந்தது, அதில் பென்சில் செருகியிருந்தது. இன்னொன்றில் இடது தோளில் கிடந்த கைத்துணி. வலது பாதம் இடது கணுக்கால்மேல் ஏறி நின்றது. தோள்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. எல்லாப் படத்திலும் இது மாறவே இல்லை. இங்கே சாட்சிகளுக்குள் சண்டை கிடையாது.

மனைவியைக் கூப்பிட்டுத் தொட்டியின் முன் நிற்கச் சொன்னார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் ஆகும். கால் வலிக்குமே."

"இது எனக்குப் பழக்கமில்லாததா?" என்று அவள் சிரித்தாள். நின்றுகொண்டே கேட்டாள்: "மூஞ்சி வேண்டாமா?"

"அது என்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இல்ல" என்றார் அவர். அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு மணி நேரமும், தன் முதுகை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்ததுபோலும். அடிக்கடி தோளை அசைத்துக்கொண்டாள்.

பிரார்த்தனை நாள் காலையில் வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. அடுத்த மாசம் இந்த வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவளும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். அவளுக்கு முப்பது வயதிருக்கும். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பிரார்த்தனை அறையில் மாமனாரின் மீசைக்குப் பக்கத்தில் ஆணி தயாராக இருந்தது. படத்தை இரண்டு முக்காலிகளின்மேல் நிறுத்தி, சுவரை ஒட்டாமல் முன்தள்ளி வைத்து, துணியை மாமியாரே விலக்கினார்.

தொட்டியின் முன் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். குழாய் ஓடியது. அவள் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, அண்ணி!" என்று நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணவன் ஒரு எட்டு பின்னால் போனான். அவன் உதட்டில் அவள் பெயர் வந்து நின்றது. இந்த முறை அவன் "ஆமா, ஆமா" என்று சொல்லவில்லை.

மாமியாருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "என்னய்யா இது, விளையாட்டா? முதுகைக் கொண்டாந்து வச்சா எதைப் பாத்துக் கும்பிடறது? அன்னிக்கு நல்லா போட்டிருந்தியே, அது எங்க?"

"அது அவங்க இல்லம்மா. அந்த மூஞ்சியை நான் எத்தனையோ வீட்டுக்குக் குடுத்திருக்கேன்" என்றார் படக்காரர். தன் குரல் இவ்வளவு சிறியதா என்று அவருக்கே இருந்தது. "மூஞ்சிக்கு ஆளுக்கு ஒண்ணு சொன்னீங்க. இது யாருன்னு உங்கள்ல யாருக்காவது சந்தேகம் இருக்கா? இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துட்டுப் போயிடறேன்."

மாமியார் விலக்கிய துணியை மடிக்க ஆரம்பித்தார்.

வரப்போகிறவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அவங்க மூஞ்சி தெரியற மாதிரி வேற படமே இல்லையா?"

கணவன் ஆணியைப் பார்த்தான். வரப்போகிறவளின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

சிறுமி அதற்குள் படத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். சுவருக்கும் படத்துக்கும் நடுவில் புகுந்து அண்ணாந்து பார்த்தாள். அங்கே மரச்சட்டமும் வெறும் துணியும்தான். படக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை அழப்போகிறது, அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்தார். ஒரு முகம் கேட்டவளுக்கு அவரால் கொடுக்க முடிந்தது இவ்வளவுதான்.

அவள் அழவில்லை. தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, மறுபடி முன்னால் நின்று அந்தக் கொண்டையையும் பென்சிலையும் பார்த்தாள்.

"வேலையா இருக்காங்க" என்றாள், எல்லாருக்கும் விளக்குகிறவள்போல. "முடிச்சுட்டுத் திரும்புவாங்க."

சொல்லிவிட்டுப் படத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அப்படி உட்கார்ந்து பழகிய பிள்ளை என்பது அந்த உட்காருதலிலேயே தெரிந்தது. வரப்போகிறவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. வந்தவர்கள் முன்னால் மானம் போகிறது. "நீ எதுக்கும்மா தரையில உக்காந்துக்கிட்டு? எழுந்திரு. உங்கப்பா வந்து எவ்வளவு நேரமாச்சு. அடுப்படியில போய் எல்லாருக்கும் குடிக்கத் தண்ணி எடுத்துட்டு வா. இனிமே உன் வீடுதானே."

அவள் திரும்பவில்லை. கண் படத்தின் மேலேயே இருந்தது.

"அவங்க முதல்ல திரும்பட்டும் அத்தை" என்றாள். "அப்புறம் நான் போறேன்."

மாமியார் மகளைப் பார்த்தார். நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். மகனைப் பார்த்தார். தண்ணீர் எடுக்கிறது தன் வேலை என்று அவனுக்குத் தோன்றப்போவதில்லை. வேறு ஆள் இல்லை. ஏதோ முணுமுணுத்தபடி அவரே அடுப்படிக்குப் போனார்.

திறந்திருந்த கதவு வழியாகப் படக்காரருக்கு அவர் தெரிந்தார். குழாயைத் திறந்துவிட்டு டம்ளர்களை ஒவ்வொன்றாக அலசினார். தோளில் ஒரு கைத்துணி கிடந்தது. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனை வருஷம் இதே இடத்தில் நின்றிருப்பார் என்று படக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த அம்மாளின் கண் என்ன நிறம் என்று யோசித்தார். பத்து நாளாக அவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். தெரியவில்லை.